காங்கிரீட் போடும் நாளில் யார் நிற்பார்கள்?

கோவில்பட்டிப் பக்கம் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, மனை வாங்கிப் போட்டிருக்கும் பலரும் யோசனை கேட்டு வருகிறார்கள். சக ஆசிரியர்கள், உறவுக்காரர்கள், பழைய மாணவர்களின் பெற்றோர் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “சதுர அடி என்ன ரேட்டுக்கு முடிச்சீங்க டீச்சர்?” நான் உடனே பதில் சொல்வதில்லை. “ரேட்டைக் கடைசியில பேசுவோம். உங்க வீட்டுக்குக் காங்கிரீட் போடுற அன்னைக்கு சைட்ல யாரு நிப்பாங்கன்னு அவர்ட்ட முதல்ல கேட்டுட்டு வாங்க” என்பேன்.

ஒரு வீட்டின் பலம் சில நாட்களில்தான் முடிவாகிறது. அஸ்திவாரம், பிளின்த் பீம், பில்லர், ரூஃப் இவற்றுக்குக் காங்கிரீட் போடும் நாட்கள் அவை. அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் அதிகம் விட்டார்களா, கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைத்தார்களா என்பதெல்லாம் பூச்சு வேலை முடிந்ததும் மறைந்துவிடும். டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பெயர்த்து மாற்றலாம், பெயிண்டை மறுபடி அடிக்கலாம். ரூஃபைத் திரும்பப் போட முடியாது. அதனால் கட்டுபவரைத் தேடும்போது, அந்த நாட்களில் பொறுப்பாக நிற்கும் ஆள் அவரிடம் இருக்கிறாரா என்பதைத்தான் நாங்கள் தேடினோம். மற்ற எல்லா விசாரணையும் அதைத் தெரிந்துகொள்வதற்கான வழிகள்.

ரேட்டைத் தள்ளி வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதை அளப்பார்கள், எதை அளக்கமாட்டார்கள் என்று தெரியாத வரைக்கும் சதுர அடி ரேட்டுக்கு அர்த்தமே இல்லை. ஒருவர் போர்டிகோவை முழுசாக அளப்பார், இன்னொருவர் பாதியாக அளப்பார். மாடிப்படி ஏறியதும் மேலே வரும் ஹெட்ரூமை ஒருவர் கணக்கில் சேர்ப்பார், மற்றவர் சேர்க்கமாட்டார். 1,000 சதுர அடி வீடு, 150 சதுர அடி போர்டிகோ, 100 சதுர அடி ஹெட்ரூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,200 ரூபாய் ரேட்டு சொல்பவர் எல்லாவற்றையும் முழுசாக அளந்தால் 1,250 சதுர அடிக்கு 27,50,000 ரூபாய் ஆகிறது. 2,500 சொல்பவர் போர்டிகோவைப் பாதியாக அளந்து ஹெட்ரூமை ரேட்டுக்குள்ளேயே முடித்துக் கொடுத்தால், 1,075 சதுர அடிக்கு 26,87,500 தான். ரேட்டு குறைவாகச் சொன்னவரிடம்தான் பணம் கூடுதலாகப் போகிறது.

இது போக, ரேட்டுக்கு வெளியே நிற்பவை ஒரு பட்டியல் இருக்கும். சம்ப் தொட்டிக்கு லிட்டர் கணக்கு, காம்பவுண்ட் சுவருக்கு ஓட்ட அடிக் கணக்கு, செப்டிக் டேங்க் தனி. பேஸ்மட்டம் ரோட்டிலிருந்து மூன்றடிக்கு மேல் உயர்ந்தால் அதற்குத் தனி, உள்ளே நிரப்பும் கிராவல் யார் செலவு என்பதும் தனிக் கேள்வி. கட்டுமானத்துக்கான தண்ணீரும் தற்காலிக மின் இணைப்பும் பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும். ஜி.எஸ்.டி. பற்றியும் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசிக் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பொருளும் சேர்த்து ஒப்பந்தம் போட்டால் 18 சதவீதம் உண்டு. சொன்ன தொகையில் அது அடக்கமா, பில் கொடுப்பாரா என்பதைப் பேசாமல் விட்டு, பாதி வேலையில் சண்டை போட்டுக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கூலிக்கு மட்டும் விடுவதா, பொருளோடு சேர்த்து விடுவதா என்று எங்கள் வீட்டில் நீண்ட நாள் பேச்சு ஓடியது. கூலி ஒப்பந்தத்தில் சிமெண்டும் கம்பியும் நாம் வாங்கித் தருகிறோம், அதனால் மேஸ்திரிக்குச் சிமெண்டைக் குறைக்கும் ஆசை வராது. ஆனால் பொருள் வீணாவதைப் பற்றி அவருக்குக் கவலையும் இருக்காது. செங்கல் லாரி வருகிற நேரத்தில் நாம் அங்கே இருக்க வேண்டும், மணல் தீர்ந்துவிட்டது என்று காலை ஏழு மணிக்குப் போன் வரும். வேலைக்குப் போகிற இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அது நடக்காது. பொருளோடு விட்டால் அலைச்சல் இல்லை, ஆனால் குறைத்துப் போட்டால் மிச்சமாகும் பணம் அவர் பைக்குப் போகும் என்பதால் கண்காணிப்பு வேண்டும். நாங்கள் கட்டடம் எழும்புவது வரை பொருளோடு ஒரு உள்ளூர் இன்ஜினியரிடம் விட்டோம். டைல்ஸ், குழாய் சாமான்கள், கதவு நிலை இவற்றை நாங்களே வாங்கிக் கொடுத்தோம். இரண்டு பேரும் சம்பாதிக்கிற, உள்ளூரிலேயே இருக்கிற குடும்பத்துக்கு இந்த முறைதான் சரிப்படும் என்பது என் அபிப்பிராயம்.

ஆளைத் தேடத் தொடங்கியபோது எங்களுக்கு முதல் பரீட்சை மண்தான். எங்கள் ஊர் கரிசல். மழை பெய்தால் ஊறிப் பருக்கும், கோடையில் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வருஷா வருஷம் இப்படி ஏறி இறங்கும் மண்ணின் மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் குறுக்கே கீறும். தூத்துக்குடிப் பக்கம் நல்ல பெயர் எடுத்த ஒருவர் வந்து பார்த்தார். காரை விட்டு இறங்கியதும், “அஞ்சடி வானம் எடுத்து ஃபுட்டிங் போட்டா போதும் டீச்சர்” என்றார். அவர் கட்டிய ஊர்களில் மண் வேறு, அங்கே அது சரியாகவே இருந்திருக்கலாம்.

அடுத்து வந்த இன்ஜினியர் எங்கள் மனையைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறியிருந்த கீறலில் விரல் நகத்தை வைத்துப் பார்த்தார். “இது முன்னால புஞ்சையா, கம்மாக்கரையா?” என்று கேட்டார். பிறகு ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, பாட்டில் தண்ணீரை விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து நூல்போல உருட்டினார். அது அறுந்து போகாமல் மெல்லிசாக நீண்டுகொண்டே போனது. “களி அதிகம். மண் டெஸ்ட் பண்ணாம நான் ஆழம் சொல்லமாட்டேன் டீச்சர்” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வார்த்தைதான் அவர் மேல் எங்களுக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது.

மண் பரிசோதனை முடிந்து அவர் பரிந்துரைத்தது அண்டர்ரீம்டு பைல். கரிசல் மண்ணுக்கென்று ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை அது. மழைக்கும் வெயிலுக்கும் மண் ஏறி இறங்குவது மேல்மட்டத்தில்தான். அதைத் தாண்டி, பொதுவாக 3.5 மீட்டர் அளவுக்கு ஆகர் வைத்துத் துளை போட்டு, அடியில் தண்டைவிட இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து காங்கிரீட் நிரப்புவார்கள். அடியில் இருக்கும் அந்தக் குமிழ் மண்ணோடு சேர்ந்து மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். மேலே போகும் பிளின்த் பீமையும் மண்ணைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் பருக்கும் மண் பீமைத் தள்ளும். தோண்டியெடுத்த கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் நிரப்பக் கூடாது, கிராவல்தான் போட வேண்டும் என்பதையும் அவராகவே சொன்னார். செலவு கூடியது. ஆனாலும் எங்கள் ஊரில் கட்ட வருகிறவர் இதைத் தானாகப் பேசவில்லை என்றால் அவரிடம் மேலே பேச வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஆற்று வண்டலாக இருக்கலாம், பாறையாக இருக்கலாம், கடற்கரை மணலாக இருக்கலாம். அந்த மண்ணில் குறைந்தது ஐந்தாறு வருஷம் கட்டிப் பழகியவரா என்று முதலில் பாருங்கள்.

பழகியவர் என்று அவர் சொல்வதை எப்படி நம்புவது? அவர் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்க்க வேண்டும், அதையும் ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வேண்டும். எல்லோரும் போன வாரம் பால் காய்ச்சிய வீட்டைத்தான் காட்டுவார்கள். புதுப் பெயிண்டுக்குள் எதுவும் தெரியாது. நான்கைந்து மழைக்காலம் கண்ட வீட்டைக் கேளுங்கள். கட்டியவரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள், வீட்டுக்காரர்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

அங்கே போனால் ஹாலைப் பார்த்து அசந்துவிட வேண்டாம். மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். செம்பழுப்பாகக் கறை இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது, கம்பிக்கு வெளியே போதுமான காங்கிரீட் கனம் விடவில்லை என்று அர்த்தம். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாகக் கீறல் இருந்தால், பூசுவதற்கு முன் அந்த இணைப்பில் கோழிவலை அடிக்காமல் விட்டிருப்பார்கள். பாத்ரூமுக்கு வெளிப்பக்கச் சுவரில் கை வைத்து ஈரம் பாருங்கள். முடிந்தால் பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் ஓட்டையை நோக்கி ஓடுகிறதா, வாசலை நோக்கி வருகிறதா என்பதில் அந்தக் கொத்தனாரின் கைவேலை முழுசும் தெரியும்.

பிறகு அந்த வீட்டு அம்மாவிடம் பேசுங்கள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் அந்த அம்மா காப்பி கொடுத்தபடியே, “கட்டுனதெல்லாம் நல்லாத்தான் கட்டுனாரு. ஆனா கடைசித் தவணை வாங்கினதுக்கு அப்புறம் போன எடுக்கல பாத்துக்கிடுங்க. அடுப்படிக் குழாய் ஒழுகி மூணு மாசம் அலஞ்சோம்” என்றார். இன்னொரு வீட்டில், “மழைக்கு மாடிப்படிகிட்ட ஒழுகுச்சு, சொன்ன மறுநாளே ஆள் அனுப்பிச் சரி பண்ணிட்டாரு” என்றார்கள். ஒழுகாத வீடே கட்டியவர் என்று யாரும் இல்லை. ஒழுகிய பிறகு என்ன செய்தார் என்பதில்தான் ஆள் தெரியும். பேசியதற்கு மேல் எவ்வளவு செலவானது, எதற்காக ஆனது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

முடிந்த வீட்டைவிட நடந்துகொண்டிருக்கும் வேலை இன்னும் அதிகம் சொல்லும். சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும். சிமெண்ட் மூட்டைகள் தரையில் கிடக்கின்றனவா, பலகை மேல் சுவரைத் தொடாமல் அடுக்கியிருக்கின்றனவா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். மூட்டையில் தயாரித்த வாரமும் வருஷமும் அச்சடித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பில்லர்களைச் சாக்கு சுற்றி நனைத்திருக்கிறார்களா, ரூஃப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்களா, போட்ட தேதியைச் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். நம் வெயிலுக்குச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள், பி.பி.சி. சிமெண்ட் என்றால் 14 நாள் நனைக்க வேண்டும் என்று காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்கிறது. தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்து வாங்கும் எங்கள் ஊரில் முதலில் வெட்டப்படும் செலவு இதுதான். நாங்கள் தண்ணீர்ச் செலவை எங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டோம், நனைப்பதில் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதற்காக. உப்பான போர் தண்ணீரைக் காங்கிரீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் எழுதியே வாங்கினோம், உப்பு கம்பியை அரித்துவிடும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தவரின் சைட் ஒன்றில் ரூஃப் காங்கிரீட் ஓடிக்கொண்டிருந்தது. கலவை மிஷின் பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம், “அண்ணாச்சி, ஒரு மூட்டைக்கு எத்தனை பெட்டி போடுதீங்க?” என்று கேட்டேன். அவர் மரப்பெட்டியைக் காட்டினார். ஒரு மூட்டைச் சிமெண்டின் கொள்ளளவு ஏறக்குறைய 35 லிட்டர், அந்த அளவுக்கே செய்த பெட்டி அது. “ஒரு மூட்டைக்கு மணல் ஒண்ணரைப் பெட்டி, ஜல்லி மூணு பெட்டி” என்றார். எம் 20 கலவைக்கு 1:1½:3 என்ற கணக்கு அது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு எம் 20-க்குக் கீழே போகக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கை அவர் பெட்டியில் வைத்திருந்தார். சட்டியால் கண்ணளவாக அள்ளிப் போடும் சைட்டுகளை அதற்கு முன் நிறையப் பார்த்திருந்தோம்.

நான் நின்றுகொண்டிருந்தபோதே இன்னொன்றும் நடந்தது. மேலே கலவையைத் தள்ளிக்கொண்டிருந்த ஆள், “கெட்டியா இருக்கு, தண்ணி விடுங்க” என்று கத்தினான். மிஷின்காரர் ஹோஸைத் தூக்கினார். ஓரமாக நின்ற சூப்பர்வைசர் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், “வாளிக் கணக்குதான் அண்ணே, ஹோஸைக் கீழ வைங்க” என்று சொல்லிவிட்டு, மேலே ஏறிப் போய் வைப்ரேட்டரைக் கையில் வாங்கிக் கலவையை இறக்கிக் காட்டினான். எம் 20-க்கு ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. கூடுதலாக விடும் ஒவ்வொரு வாளியும் பலத்தைக் குறைக்கும், ஆனால் ஆட்களுக்குத் தள்ளுவது சுலபமாகும். வெயிலில் உடம்பு நோக வேலை செய்கிறவர்கள் தண்ணீர் கேட்பது இயல்பு, அவர்கள் மேல் தப்பில்லை. கூடாது என்று சொல்ல ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டும், அவர் சொன்னால் ஆட்கள் கேட்கவும் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம், “இவங்களையே வச்சுக்கிடலாம்” என்று சொல்லிவிட்டேன்.

அதனால்தான் அந்தக் கேள்வி. “இப்ப உங்களுக்கு எத்தனை சைட் ஓடுது? காங்கிரீட் அன்னைக்கு யார் நிப்பாங்க? அவர் பேரு என்ன?” என்று கேளுங்கள். “நானே நிப்பேன்” என்பவருக்குப் பத்துப் பன்னிரண்டு சைட் ஓடினால் அது நடக்காது. “எல்லாம் மேஸ்திரி பாத்துக்குவாரு” என்றால் மேற்பார்வை என்று ஒன்று இல்லை என்றே அர்த்தம், மேஸ்திரிக்குத் தன் வேலையே தலைக்கு மேல் இருக்கும். ஒரு பெயரைச் சொல்லி, அந்த ஆளை நேரில் அறிமுகம் செய்து வைப்பவர்தான் சரி. சென்ட்ரிங் எப்போது பிரிப்பார் என்றும் சேர்த்துக் கேளுங்கள். 4.5 மீட்டருக்குள் இருக்கும் தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள் இருக்க வேண்டும். சீட்டும் முட்டும் நாள் வாடகைக்கு வருபவை என்பதால் சீக்கிரம் கழற்ற ஆசைப்படுவார்கள். பதிலை யோசிக்காமல் சொல்கிறாரா, “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்று நழுவுகிறாரா என்று கவனியுங்கள்.

ஆளைப் பிடித்துவிட்டது என்றால் பேசியதை எல்லாம் காகிதத்தில் கொண்டுவர வேண்டும். “தரமான சிமெண்ட், நல்ல கம்பி” என்று எழுதிய ஒப்பந்தம் நாளைக்கு எதற்கும் உதவாது. எந்தக் கம்பெனி, எந்த ரகம், கம்பி எஃப்.இ. 500டி-யா 550-ஆ, செங்கல் சேம்பரா நாட்டுக் கல்லா, பூச்சுக்கு எந்த மணல், டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, ஒரு அறைக்கு எத்தனை சுவிட்ச் பாயிண்ட் என்பது வரை இருக்க வேண்டும். “அல்லது அதற்கு இணையானது” என்ற சொற்றொடர் எங்கே வந்தாலும், “வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால்” என்று பக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். காங்கிரீட் க்யூப் பரிசோதனையையும் எழுதி வாங்குங்கள். 150 மி.மீ. அளவு கட்டிகள் சிலவற்றை எடுத்துத் தண்ணீரில் வைத்திருந்து, 7 நாளிலும் 28 நாளிலும் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கலாம், பெரிய செலவில்லை. சோதனைக்குத் தயங்காமல் ஒத்துக்கொள்பவர் கலவையில் கைவைக்கமாட்டார்.

பணம் கொடுக்கும் விதத்தில்தான் எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய அடி விழுந்தது. மதுரைப் பக்கம் என் தங்கை வீடு கட்டினாள். அவர்களுக்கு அமைந்த காண்ட்ராக்டர் லிண்டல் மட்டம் வருவதற்குள் மொத்தத் தொகையில் அறுபது சதவீதத்துக்கு மேல் வாங்கிவிட்டார். அதன் பிறகு ஆட்கள் வருவது குறைந்தது. வேறு ஊரில் புதிதாக எடுத்த வேலைக்கு அவர்களைக் கொண்டுபோயிருந்தார். மிச்சப் பணத்துக்கு மிச்ச வேலையைச் செய்ய அவருக்குக் கட்டுப்படியாகவில்லை, தங்கை வீட்டுக்கோ அவரை விட்டால் வேறு வழியில்லை. மழைக்காலம் முழுசும் கூரையில்லாமல் சுவர் நின்றது. வாடகையும் கடன் வட்டியும் சேர்த்து அவள் கட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நடந்த வேலையைவிடக் கொடுத்த பணம் எப்போதும் ஒரு படி பின்னால் இருக்க வேண்டும். ஆனால் இதில் கட்டுபவர் பக்க நியாயமும் இருக்கிறது. அவருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் போட வேண்டும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றைக்குக் காசு போகவில்லை என்றால் திங்கட்கிழமை ஆள் வராது. நான்கே தவணையாகப் பெரிய பெரிய தொகை வைத்தால் ஒன்று அவர் திண்டாடுவார், இல்லாவிட்டால் முன்கூட்டியே கேட்பார். எங்கள் இன்ஜினியரோடு உட்கார்ந்து தவணைகளைச் சின்னச் சின்னதாக உடைத்தோம். பைல் முடிந்தால் ஒன்று, பிளின்த் பீம், பேஸ்மட்டம் நிரப்பியது, லிண்டல், சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியது, ரூஃப், உள்பூச்சு, வெளிப்பூச்சு என்று போனது. பேங்க் லோனும் வேலை எழும்ப எழும்பத்தான் வரும் என்பதால் இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டோம். கடைசி ஐந்து சதவீதத்தை, குடிபோன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்ததும் தருவதாக எழுதினோம். வேறொருவர் இந்த ஒரு நிபந்தனைக்காகவே எங்களை விட்டுப் போனார். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி டீச்சர், ஆனா தவணைப் பணம் கேட்ட ரெண்டு நாள்ல வந்துரணும்” என்றார். அவர் கேட்டதும் ஒப்பந்தத்தில் ஏறியது. அதை நாங்கள் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை, வேலையும் பெரிதாக நிற்கவில்லை.

இடையில் மாற்றங்கள் வராத வீடு இல்லை. ஜன்னலை நகர்த்துவோம், ஒரு அலமாரி கூட்டுவோம், மாமியார் வந்து பூஜை அறையைக் கொஞ்சம் பெரிசாக்கச் சொல்வார். எந்த மாற்றமானாலும் வேலை தொடங்கும் முன் அதற்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். கொத்தனாரிடம் நேரடியாக எதையும் மாற்றச் சொல்வதில்லை என்றும் வைத்துக்கொண்டோம். நாம் ஒன்று சொல்லி, இன்ஜினியர் ஒன்று சொல்லி, நடுவில் அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. காலதாமதத்துக்கு அபராதம் என்று பலர் ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். தீபாவளி, பொங்கல், கோவில் கொடை, அடைமழை, ஊருக்குப் போன வடமாநில ஆட்கள் என்று தாமதத்துக்குக் காரணம் எப்போதும் இருக்கும், அந்த அபராதத்தை வசூலித்தவர்களை நான் பார்த்ததில்லை. தவணையைச் சரியாகப் பிரித்திருந்தால் அதுவே வேலையை நகர்த்தும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம். விதிப்படிதான் கட்டுவேன் என்று உறுதி சொல்வது நாம்தான், அதனால் மீறினால் பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான். “பக்கவாட்டுல இடம் விடவேண்டாம், பிறகு பாத்துக்கலாம்” என்று ஆசை காட்டுபவரிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள். ரெரா சட்டம் விற்பதற்காகக் கட்டும் திட்டங்களுக்கானது, நம் மனையில் நாமே ஆள் வைத்துக் கட்டும் வீட்டுக்கு அது துணைக்கு வராது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டிக் கொடுப்பதையும் சேவையாகவே கருதுகிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். என் தங்கை கடைசியில் அங்கேதான் போனாள். ஒப்பந்தம் ஒரே பக்கத்தில் இருந்ததாலும், பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்ததாலும் எதையும் நிரூபிக்க அவள் பட்டபாடு கொஞ்சமல்ல. எல்லாத் தவணையையும் பேங்க் வழியாகவே கொடுங்கள்.

சென்னையிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள், கட்டுபவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு இன்ஜினியரைத் தனிக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டி முடித்ததும் அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே காங்கிரீட் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அண்ணன் பார்த்துக்கொள்வான், மச்சான் பார்த்துக்கொள்வான் என்று விடுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவர்களுக்குக் கம்பியின் இடைவெளி தெரியாது. தெரிந்தாலும் ஊருக்குள் முகம் பார்க்க வேண்டியிருப்பதால் கறாராகப் பேசமாட்டார்கள். கடைசியில் வீடும் சரியாக வராமல் உறவும் கசந்துபோகும்.

சாவி வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. ஸ்ட்ரக்சுரல் டிராயிங், மண் பரிசோதனை அறிக்கை, க்யூப் ரிசல்ட், மோட்டாருக்கும் குழாய்களுக்கும் உள்ள வாரண்டி அட்டைகள், மாடியில் போட்ட வாட்டர் புரூஃபிங்குக்கு எழுத்து மூலமான பொறுப்பு ஆகியவை. இவற்றோடு, பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு அறையின் நான்கு சுவரையும் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒயர் குழாயும் தண்ணீர்க் குழாயும் எந்த உயரத்தில், எந்த மூலையிலிருந்து எத்தனை அடியில் போகின்றன என்பது அதில் பதிந்திருக்கும். எங்களுக்கு அந்த சூப்பர்வைசர் பையன் எடுத்துக் கொடுத்தான். ஏ.சி. மாட்ட வந்தவர் படுக்கையறைச் சுவரில் டிரில்லை வைக்கப் போனபோது, படத்தைப் பார்த்து அரை அடி தள்ளிப் போடச் சொன்னோம். முதலில் குறித்த இடத்துக்கு நேர் பின்னால்தான் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் இறங்குகிறது.